வெளுத்த தோலுக்கு ‘ஒரு ஷேடு கூட்டிப் பூசுங்கள்’ என்பது தவறான யோசனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளுத்துப்போன தோல் சோபா, கைப்பை, கார் இருக்கை ஆகியவற்றுக்கு, இருக்கும் நிறத்தைவிட ஒரு ஷேடு கூடுதலான சாயத்தை வாங்கிப் பூசினால் பழையபடி ஆகிவிடும் என்று தங்கள் நாளிதழின் வீட்டுக் குறிப்புப் பகுதியில் வெளியாகியிருந்தது. தோல் பொருட்களுக்கு மறுபடி நிறம் ஏற்றும் வேலை தெரிந்தவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். நிறம் குறைவாக விழுந்தால் அடுத்த பூச்சில் கூட்டிக்கொள்ளலாம். கூடுதலாக விழுந்துவிட்டால், அதிலும் தோலுக்குள் இறங்கும் சாயமாக இருந்தால், திரும்ப எடுப்பதற்கு வழி இல்லை. வெளிர் பக்கத்திலிருந்து தொடங்கி, சிறிது சிறிதாக அசல் நிறத்தை நெருங்குவதுதான் முறை. அதை எப்படிச் செய்வது என்று வாசகர்களுக்குத் தெரிந்தால், பல நல்ல பொருட்கள் குப்பைக்குப் போகாமல் பிழைக்கும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் தோல் எந்த வகை என்று தெரிய வேண்டும். வெளியே தெரியாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் பாருங்கள். சொட்டு முத்தாக அப்படியே நின்றால், மேலே பிக்மெண்ட் (கரையாத நிறத்துகள்) பூச்சும் அதன்மேல் காப்புப் பூச்சும் உள்ள தோல். சோபாக்களும் கார் இருக்கைகளும் பெரும்பாலும் இந்த வகைதான். சொட்டு மெல்ல உள்ளே இறங்கி அந்த இடம் கறுத்தால், சாயம் மட்டும் ஏற்றிய அனிலின் தோல். இரண்டுக்கும் நடுவே, சாயத்தின்மேல் மெல்லிய பிக்மெண்ட் படலம் உள்ள அரை அனிலின் தோலும் உண்டு. பழைய சோபாவில் கை வைக்கும் இடத்தில் பூச்சு தேய்ந்து அங்கே மட்டும் தண்ணீர் இறங்கக்கூடும். அதனால் இரண்டு மூன்று இடங்களில் பார்த்துவிட்டே முடிவுக்கு வர வேண்டும். மேற்பரப்பு வெல்வெட் போல இருக்கும் நுபக், ஸ்வேட் தோல்களுக்கு இந்தக் கடிதத்தில் சொல்லும் எதுவும் பொருந்தாது. பிக்மெண்ட் பூசினால் அவற்றின் மென்மயிர் ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? சாயம் என்பது திரவத்தில் முழுதாகக் கரைந்திருப்பது. இழைகளுக்குள் இறங்கும், அடியில் இருப்பதை மறைக்காது. அடிநிறத்தோடு சேர்ந்துதான் கண்ணுக்குத் தெரியும். குரோம் முறையில் பதனிட்ட தோலின் அடிநிறம் நீலம் கலந்த சாம்பல். மரப்பட்டையில் பதனிட்ட தோலின் அடிநிறம் இளம்பழுப்பு. ஒரே புட்டியில் உள்ள மஞ்சள் சாயம் முதலாவதில் சற்றே பச்சை தட்டும், இரண்டாவதில் தேன் நிறமாக வரும். பிக்மெண்ட் அப்படியல்ல. கரையாத நுண்துகள், பைண்டர் என்னும் பால் போன்ற திரவத்தில் மிதந்து, காய்ந்தபின் மேலே படலமாக நிற்கிறது. அடியில் உள்ளதை மறைக்கும். அதனால் அடர் நிறத்தை வெளிராக்குவது பிக்மெண்டால் மட்டுமே முடியும், சாயத்தால் ஒருபோதும் முடியாது. கடையில் இரண்டையும் ‘லெதர் கலர்’ என்றே தருவார்கள். லேபிளைப் படித்து, ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவித் தெளிவாக இருந்தால் சாயம், மங்கி மறைத்தால் பிக்மெண்ட். பிக்மெண்ட் பூச்சுள்ள தோலின்மேல் சாயத்தைப் பூசினால் அது இறங்க இடமில்லாமல் மேலேயே தங்கி, உட்காருபவரின் துணியில் ஒட்டும்.

நிறம் கலப்பதற்கு முன் தோலைச் சுத்தம் செய்தாக வேண்டும். இதைத் தாண்டிப் போகிறவர்கள் அழுக்கின் நிறத்துக்கு மேட்ச் செய்கிறார்கள். வெளிர்பழுப்பு சோபாவின் கைப்பிடியில் எண்ணெயும் வியர்வையும் படிந்தால் அது ஒரு ஷேடு அடர்ந்தே தெரியும். ‘ஒரு ஷேடு கூட்டி’ என்ற யோசனைக்கே இதுதான் மூலமாக இருக்கலாம். மென்மையான லெதர் கிளீனரை நுரையாக்கி ஸ்பாஞ்சில் தொட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். பிறகு பூசப்போகும் இடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட வெள்ளைத் துணியால் துடையுங்கள். சிலிகான் பாலிஷ், மெழுகு எல்லாம் போக வேண்டும். துணியில் தோலின் நிறமே கொஞ்சம் வருவது இயல்பு, பழைய காப்புப் பூச்சு இளகுகிறது என்று பொருள். ஆனால் அனிலின் தோலில் இதைச் செய்தால் சாயமே கிளம்பித் திட்டு விழும். அதற்குத் தண்ணீர் கலந்த மிதமான கிளீனர் போதும்.

எந்த இடத்தின் நிறத்துக்கு மேட்ச் செய்வது என்பதும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியது. முழு சோபாவையும் பூசப்போகிறீர்கள் என்றால், வெயிலும் கையும் படாத இடத்தைத் தேடுங்கள்: மெத்தைக்கு அடியில் மடிந்த ஓரம், ஜிப்பின் உள்மடிப்பு, பையின் மூடிக்குக் கீழே. அதுதான் அசல் நிறம். ஒரே ஒரு மெத்தையை மட்டும் பூசுவதானால் அசல் நிறத்தை மறந்துவிடுங்கள். பக்கத்து மெத்தை இன்றைக்கு எந்த நிறத்தில் இருக்கிறதோ அதற்குத்தான் மேட்ச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சரிசெய்த மெத்தை மட்டும் வேறு சோபாவிலிருந்து எடுத்து வைத்தது போலத் தனித்துத் தெரியும்.

இனி கலவைக்கு வருவோம். பழுப்பு நிறத் தோல்கள் ஏறக்குறைய எல்லாமே நான்கு பிக்மெண்டுகளில் அடங்கிவிடும்: வெள்ளை எனப்படும் டைட்டானியம் டையாக்சைடு, மஞ்சள் இரும்பு ஆக்சைடு, சிவப்பு இரும்பு ஆக்சைடு, கார்பன் கருப்பு. ஆக்சைடுகள் வெயிலுக்கு எளிதில் வெளுக்காது, நன்றாக மறைக்கும், ஒன்றோடொன்று ஒத்துப்போகும். பளிச்சென்ற சிவப்பு, நீலம், பச்சை வகைகள் தேவைப்படுவது மெரூன், நேவி போன்ற நிறங்களுக்கும், திருத்தம் செய்ய ஓரிரு துளிக்கும்தான். தொடக்கத்துக்குச் சில விகிதங்களைச் சொல்லலாம். டேன் எனப்படும் மஞ்சள் கலந்த இளம்பழுப்பு நிறத்துக்கு மஞ்சள் ஆக்சைடு 60, வெள்ளை 25, சிவப்பு ஆக்சைடு 12, கருப்பு 3. சாக்லேட் பழுப்புக்குச் சிவப்பு ஆக்சைடு 50, மஞ்சள் ஆக்சைடு 25, கருப்பு 25. கிரீம் நிறத்துக்கு வெள்ளை 95, மஞ்சள் ஆக்சைடு 4, மீதி 1 பங்கில் சிவப்பும் கருப்பும். தயாரிப்புக்குத் தயாரிப்பு செறிவு மாறும் என்பதால் இவை புறப்படும் இடம் மட்டுமே. வெளிரானதைக் கிண்ணத்தில் முதலில் போட்டு, அடர்ந்ததைக் கடைசியில் சேர்க்க வேண்டும். கருப்பில் வெள்ளையைக் கொட்டி வெளிராக்கப் பார்த்தால் வாளி நிறைந்தாலும் நிறம் வராது.

கருப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான கலவைகள் கெடுவது அதனால்தான். கார்பன் கருப்பில் மெல்லிய நீலச்சாயல் உண்டு. மஞ்சள் தூக்கலான டேன் கலவையில் ஒரு பொட்டுக் கருப்பு விட்டுக் கலக்கிப் பாருங்கள், பழுப்பு அடர்வதற்குப் பதில் ஆலிவ் பச்சை எட்டிப் பார்க்கும். உடனே இன்னும் கொஞ்சம் கருப்பு விடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. தேவைப்படுவது சிவப்பு ஆக்சைடு. ஒரு குச்சி நுனி அளவு சேர்த்ததும் பச்சை அடங்கிப் பழுப்பு திரும்பிவிடும். கருப்பையும் வெள்ளையையும் மட்டும் கலந்தால் வரும் சாம்பல் நீலம் தட்டும்; தோலின் சாம்பல் நிறங்கள் பெரும்பாலும் பழுப்புச் சாயல் கொண்டவை, அதனால் சிறிது மஞ்சளும் சிவப்பும் கேட்கும். பழுப்பை இன்னும் அடர்த்தியாக்க வேண்டுமானால், நேராகக் கருப்புக்குப் போகாமல் அம்பர் (umber) எனப்படும் அடர்பழுப்பு பிக்மெண்ட் கிடைத்தால் அதைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

கருப்பின் வலிமையைக் கட்டுப்படுத்த எளிய வழி ஒன்று உண்டு. 1 கிராம் கருப்பை 9 கிராம் நிறமில்லாத பைண்டரில் கலந்து தனிப் புட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் வெள்ளையில் 0.1 கிராம் கருப்பு விழுந்தாலே கண்ணுக்குத் தெரியும், 0.1 கிராமை யாராலும் குச்சியால் அளந்து விட முடியாது. பத்தில் ஒன்றாகக் குறைத்த கருப்பில் அதே அளவு 1 கிராமாகிவிடுகிறது, தராசு அதைச் சரியாகக் காட்டும். திருத்தத்துக்கு வைத்திருக்கும் பளிச் சிவப்பு, பச்சை, ஊதா மூன்றையும்கூட இப்படியே தளர்த்தி வைப்பது நல்லது.

அளவு எல்லாம் எடையில்தான். துளிக் கணக்கு கைகொடுக்காது, திரவத்துக்குத் திரவம் துளியின் அளவு மாறும். 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசில் 20 கிராம் சோதனைக் கலவை செய்து, சேர்க்கும் ஒவ்வொன்றையும் உடனுக்குடன் எழுதுங்கள். மனதில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் மூன்றாவது திருத்தத்துக்குள் கணக்கு தப்பிவிடும். 20 கிராமில் தளர்த்திய கருப்பு 1.5 கிராம் போயிருந்தால், அதில் உண்மையான கருப்பு 0.15 கிராம். 500 கிராம் செய்யும்போது எல்லாமே 25 மடங்கு, ஆகவே கருப்பு 3.75 கிராம். ஆனால் பெரிய கலவையில் அடர்ந்த நிறங்களை முதலில் பத்தில் ஒன்பது பங்கு மட்டும் சேர்த்துச் சோதித்துவிட்டு மீதியைச் சேருங்கள்.

இப்போது சோதனை. கிண்ணத்தில் தெரியும் நிறத்தை நம்பவே கூடாது. பைண்டர் ஈரமாக இருக்கும்போது வெள்ளையாக இருப்பதால் கலவை வெளிராகத் தெரியும். காய்ந்ததும் பைண்டர் தெளிந்து நிறம் அடர்ந்துவிடும். வெள்ளைக் காகிதத்தில் தீற்றிப் பார்ப்பதும் பயனில்லை, காகிதம் உறிஞ்சும் விதம் வேறு. அசல் தோலின்மேலேயே, மேட்ச் செய்யும் இடத்தின் நடுவில், நாணய அளவுக்கு விரலால் மெல்லியதாகத் தடவுங்கள். ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கை தாங்கும் சூட்டில் காயவைத்து, ஆறவிடுங்கள். பிறகு அந்த வட்டத்தின் விளிம்பை மட்டும் பாருங்கள். நிறம் சரியாக இருந்தால் விளிம்பு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். சரியில்லை என்றால் விளிம்பே சொல்லிவிடும்: உள்ளே சிவந்திருக்கிறதா, வெளியே மஞ்சளா என்று. பார்த்து முடித்ததும் அதை ஈரத்துணியால் துடைத்துவிடலாம், ஆனால் பூச்சு இறுகும் முன், சில நிமிடங்களுக்குள். அனிலின் தோலில் இப்படித் துடைத்து எடுக்க முடியாது என்பதால் அங்கே மறைவான ஓரத்திலோ, தையலுக்கு உள்ளே இருந்து வெட்டிய சிறு துண்டிலோதான் சோதிக்க வேண்டும்.

விளிம்பைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். என்னுடைய கலவை வெளிரா அடர்த்தியா? எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, சிவப்பா மஞ்சளா பச்சையா? பளிச்சென்று இருக்கிறதா மங்கியிருக்கிறதா? அடர்த்தி வெகுதூரம் விலகியிருக்கும்போது சாய்வைக் கண் சரியாகக் கணிக்காது, அதனால்தான் முதலில் அடர்த்தி. சிவப்பு தூக்கினால் மஞ்சள் ஆக்சைடு, அதற்கும் அடங்காவிட்டால் தளர்த்திய பச்சையில் துளி. மஞ்சள் தூக்கினால் சிவப்பு ஆக்சைடு அல்லது துளி ஊதா. பளிச்சென்று இருந்தால் எதிர்நிறத்தைச் சேர்த்து அடக்குங்கள். கருப்பைச் சேர்த்தால் அடர்த்தியும் சேர்ந்து ஏறிவிடும். மங்கிவிட்ட கலவையை மீட்பதுதான் கடினம். ஐந்தாறு பிக்மெண்டுகள் சேர்ந்துவிட்டால் எந்தப் பக்கம் திருத்தினாலும் சேற்று நிறமே வரும். அந்த நிலையில் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மலிவு. இன்னொன்று: அடர்பழுப்பை வெளிராக்க வெள்ளையைச் சேர்த்தால் சுண்ணாம்பு பூத்தது போல ஆகிவிடும், அங்கே மஞ்சள் ஆக்சைடுதான் வெளிராக்க வேண்டும்.

வெளிச்சமும் ஏமாற்றும். மஞ்சள் பல்பின் கீழ் அச்சு அசலாகத் தெரிந்த நிறம் பகலில் பச்சை தட்டலாம். இரண்டு கலவைகளில் உள்ள பிக்மெண்டுகள் வேறு வேறாக இருந்தால், ஒரு விளக்கில் ஒன்றுபோலவும் இன்னொன்றில் வேறாகவும் தெரிவது இயற்கை. நேரடி வெயில் படாத பகல் வெளிச்சத்தில் நிறத்தை முடிவு செய்து, அந்தப் பொருள் இருக்கப்போகும் அறையின் விளக்கிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டிலும் ஒத்துப்போகாவிட்டால் கலவையில் உள்ள பளிச் நிறத்தை எடுத்துவிட்டு ஆக்சைடுகளால் மட்டும் முயலுங்கள். சிவப்புச் சுவர், நிறமுள்ள சட்டை ஆகியவற்றின் எதிரொளிப்பும் தோலில் விழும். கண்ணும் களைக்கும், ஒரே நிறத்தைத் தொடர்ந்து பார்த்தால் வித்தியாசம் மறைந்துவிடும். நடுவில் ஒரு சாம்பல் அட்டையைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

மேட்ச் ஆகிவிட்டது என்று முடிவு செய்வதற்கு முன் டாப் கோட் எனப்படும் மேல் காப்புப் பூச்சையும் அந்த வட்டத்தின்மேல் தடவிப் பார்க்க வேண்டும். பளபளப்பான டாப் கோட் நிறத்தை ஆழமாக்கும், பளபளப்பில்லாத மேட் வகை வெளிராகவும் சாம்பலாகவும் காட்டும். நிறம் முழுக்கச் சரியாக இருந்தும் பளபளப்பு மாறியதால் மட்டும் மேட்ச் தவறிய வேலைகள் நிறைய உண்டு. பளபளப்பு, மேட் இரண்டையும் கலந்து அசல் தோலின் மினுமினுப்புக்குக் கொண்டுவரலாம். சாய்த்துப் பிடித்துப் பார்த்தால்தான் அது தெரியும்.

எவ்வளவு கலக்க வேண்டும்? ஏ4 தாள் அளவுள்ள இடத்தில் ஒரு பூச்சு பூசி, கிண்ணத்தின் எடை எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். அதைப் போல 16 மடங்கு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு பூச்சு. பூசும் பரப்பாலும் பூச்சுகளின் எண்ணிக்கையாலும் பெருக்கி, ஸ்பிரே செய்வதானால் அதில் பாதியை மேலும் கூட்டுங்கள். முழு வேலைக்கும் ஒரே கலவையாகச் செய்துவிடுவது அவசியம். பாதியில் தீர்ந்து இரண்டாவது முறை கலந்தால், எடை சரியாக இருந்தாலும் நூலிழை வித்தியாசம் வந்துவிடும். அப்படி நேர்ந்தால் மீதமுள்ள பழையதையும் புதியதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு, கடைசிப் பூச்சை எல்லா இடத்துக்கும் அதிலிருந்தே கொடுக்க வேண்டும்.

பூசும் முறை பற்றிச் சுருக்கமாக. 600 முதல் 1000 வரை கிரிட் எண் உள்ள மென்மையான உப்புத்தாளால் பழைய பளபளப்பை மட்டும் மெல்ல எடுத்து, தூசி துடைத்து, கலவையை மெல்லிய நைலான் துணியில் வடிகட்டுங்கள். முதல் பூச்சை ஸ்பாஞ்சால் தோலின் வரிகளுக்குள் அழுத்திக் கொடுத்து, அடுத்த மூன்று நான்கு பூச்சுகளை ஸ்பிரே கன்னால் மெல்லிய பனியாக விடுங்கள். ஒவ்வொன்றும் காய்ந்தபின்தான் அடுத்தது. இடையிடையே கிண்ணத்தைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், கனமான ஆக்சைடுகள் அடியில் தங்கிவிட்டால் முதல் மெத்தை ஒரு நிறமும் கடைசி மெத்தை வேறு நிறமுமாக முடியும். டாப் கோட்டில் அதை இறுக வைக்கும் கிராஸ்லிங்கர் சேர்ப்பதானால் தயாரிப்பாளர் சொன்ன சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள், கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள், கையுறையும் முகமூடியும் கட்டாயம். கூடுதலாகச் சேர்த்தால் பூச்சு விறைத்து மடிப்புகளில் வெடிக்கும். விரலால் தேய்த்தால் படலமாக உரிந்து வந்தால் அடியில் எண்ணெயோ சிலிகானோ மிச்சமிருந்தது. பல நாள் பிசுபிசுத்தால் கனமாகப் பூசியிருக்கிறீர்கள் அல்லது ஈரப்பதத்தில் அவசரப்பட்டிருக்கிறீர்கள்.

சாயத்தால் செய்யும் வேலைக்கு இன்னும் சில எச்சரிக்கைகள். தண்ணீர்ச் சாயத்தையும் ஸ்பிரிட் சாயத்தையும் கலக்க வேண்டாம். தண்ணீர்ச் சாயங்களிலும் ஆசிட் (அமில) வகையையும் பேசிக் (கார) வகையையும் கலந்தால், எதிரெதிர் மின்னூட்டத்தால் இரண்டும் சேர்ந்து சிறுதுகளாகப் படிந்துவிடும். ஒரே தயாரிப்பாளரின் ஒரே வரிசையில் உள்ளவற்றையே கலப்பது பாதுகாப்பு. முழுச் செறிவில் ஒரே முறை பூசுவதைவிட, அதற்குரிய கரைப்பானால் நான்கில் ஒன்றாகத் தளர்த்தி மூன்று நான்கு முறை பூசினால் திட்டு விழாது. காய்ந்தபின் சாய்த்துப் பார்க்கும்போது வண்டின் முதுகு போலச் செம்பு மினுக்கம் தெரிந்தால், இறங்காத சாயம் மேலே தங்கியிருக்கிறது. உலர்ந்த துணியில் நிறம் வராத வரை தேய்த்து எடுத்துவிட்டுத்தான் டாப் கோட் கொடுக்க வேண்டும்.

தங்கள் குறிப்பைப் படித்து ஏற்கெனவே அடர்நிறப் புட்டி வாங்கி வைத்திருப்பவர்களும் இருப்பார்கள். அது தண்ணீர் கலந்து பயன்படுத்தும் பிக்மெண்ட் வகையாக இருந்தால் வீணாக்க வேண்டாம். அதே தயாரிப்பில் வெள்ளையும் மஞ்சளும் வாங்கி வெளிர் கலவை ஒன்று செய்து, அடர்நிறத்தை அதில் எடை போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து மேற்சொன்னபடி சோதித்து நெருங்கலாம். ஏற்கெனவே பூசிவிட்டு, இன்னும் டாப் கோட் போடாமல், சில மணி நேரமே ஆகியிருந்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் ஸ்பாஞ்சும் பெரும்பகுதியை எடுத்துவிடும். மீதியை ஆல்கஹால் தொட்ட துணியால் ஒற்றி எடுக்கலாம், தேய்க்கக் கூடாது. புட்டியில் இருப்பது சாயமாக இருந்தால் அதைத் திறக்காமல் வைத்துவிட்டு, முதலில் அந்த ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பாருங்கள். இந்தத் திருத்தத்தை அதே பகுதியிலேயே வெளியிட்டால், அந்தக் குறிப்பைக் கத்தரித்து வைத்திருப்பவர்கள் கண்ணிலும் படும்.

இப்படிக்கு,
தோல் பொருட்களுக்கு நிறமேற்றும் தொழிலில் உள்ளவர்கள்